வானத்துத் தண்ணீர்ப்பந்தல்



குடியரசு நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த விமானத்துக்குக் கைதட்டுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். ரஃபேல் செங்குத்தாக மேலே ஏறும்போது தட்டுவார்கள். சுகோய்கள் ஒன்றாக வந்து திரிசூலம் போலப் பிரியும்போது தட்டுவார்கள். பெரிய வயிற்றோடு நிதானமாகக் கடந்து போகும் விமானத்துக்கு அந்தக் கைதட்டல் கிடைப்பதில்லை. நான் இன்று பேச வந்திருப்பது அந்தப் பெரிய வயிற்று விமானங்களைப் பற்றித்தான். மற்ற விமானங்களுக்கு வானத்திலேயே எரிபொருள் கொடுக்கும் டேங்கர்கள். ஆளையும் அரிசியையும் பீரங்கியையும் சுமந்து போகும் சரக்கு விமானங்கள். ஒரு நாட்டின் விமானப்படைக்குக் கை எவ்வளவு நீளம் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. இதை உங்கள் முன் நிறுவ விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். லாரி வராத காலத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு தொலைதூரச் சந்தைக்குப் போன வண்டிக்காரர், மாட்டுக்கு வேண்டிய வைக்கோலையும் அதே வண்டியில்தான் ஏற்ற வேண்டும். பக்கத்து ஊர் என்றால் ஒரு கட்டு போதும். நான்கு நாள் பயணம் என்றால் வைக்கோல் பாதி வண்டியை அடைத்துக்கொள்ளும். மூட்டையைக் குறைக்க வேண்டும். இன்னும் தொலைவு என்றால் வண்டி முழுக்க வைக்கோல்தான். விற்க நெல் இராது. வழியில் ஒரு சத்திரம் இருந்து, மாட்டுக்குத் தீனியும் ஆளுக்குச் சோறும் அங்கே கிடைத்தால் கணக்கே மாறிவிடும். சாலையோடு சத்திரமும் கட்டிய ராணி மங்கம்மாளுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

விமானத்துக்கும் இதே கணக்குதான். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் 222-ஆம் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அங்கே நிற்கும் சுகோய்-30 எம்.கே.ஐ விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் காக்கின்றன. ஒரு சுகோய் தன் உடலுக்குள் ஒன்பது டன்னுக்கும் மேல் எரிபொருள் கொள்ளும். அதை வைத்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறக்கலாம். ஆனால் போனவர் திரும்பி வர வேண்டுமே! ஆகவே எட்டும் தூரம் பாதி. இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையை வயிற்றுக்கடியில் கட்டிவிட்டால் அந்தப் பாதியும் சுருங்கும். போன இடத்தில் சுற்றிக் காவல் நிற்க வேண்டும் என்றால் இன்னும் சுருங்கும். கடல் மட்டும் சுருங்குவதில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஓடுபாதையிலிருந்து எழும் நேரம்தான் விமானத்துக்கு மிகக் கடினமான நேரம். வேகம் குறைவு, பாதை குறைவு. கோடை வெயிலிலோ லடாக் உயரத்திலோ காற்றின் அடர்த்தியும் குறைவு. அப்போது தூக்க முடியாத எடையை, வேகம் பிடித்துவிட்ட பிறகு அதே விமானம் எளிதாகத் தாங்கும். ஆகவே ஆயுதத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு, எரிபொருளைக் குறைத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டியது. மேலே போனபின் டேங்கரிடம் வயிறு நிறைய வாங்கிக்கொள்ள வேண்டியது. டேங்கர் தூரத்தை மட்டும் கூட்டுவதில்லை. சுமையையும் கூட்டுகிறது, காவல் நிற்கும் நேரத்தையும் கூட்டுகிறது.

இந்த எண்ணம் விமானம் குழந்தையாக இருந்த காலத்திலேயே தோன்றிவிட்டது. 1923 ஜூன் 27 அன்று கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மேலே, அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு டி.எச்-4 இரட்டை இறக்கை விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பறந்தன. மேலே இருந்தவர்கள் ஒரு ரப்பர் குழாயைக் கீழே விட்டார்கள். கீழே இருந்தவர் அதைக் கையால் பிடித்துத் தொட்டி வாயில் செருகினார். அவ்வளவுதான் கருவி. அதே ஆண்டு ஆகஸ்டில் லோவெல் ஸ்மித், ஜான் ரிக்டர் என்ற இருவர் இந்த முறையில் 37 மணி நேரத்துக்கும் மேல் தரை தொடாமல் பறந்தார்கள்.

1929 புத்தாண்டு அன்று ‘கொஸ்டின் மார்க்’ என்று பெயரிட்ட ஒரு ஃபோக்கர் விமானம் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் எழுந்தது. கேள்விக்குறி என்பதே அதன் பெயர். எவ்வளவு நேரம் பறக்கும் என்பது யாருக்கும் தெரியாது. 150 மணி 40 நிமிடம் பறந்தது. ஏழாம் நாள் எஞ்சின் தளர்ந்தபின்தான் இறங்கியது. ஒரு முறை குழாய் நழுவி, தலைவர் கார்ல் ஸ்பாட்ஸ் உடல் முழுக்கப் பெட்ரோலில் நனைந்தார். உடையைக் களைந்து எண்ணெய் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். பின்னாளில் அமெரிக்க விமானப்படை தனிப் படையானபோது அதன் முதல் தலைமைத் தளபதி ஆனவர் இவர்தான்.

எரிபொருள் கொடுக்க இன்று உலகில் இரண்டு முறைகள் உண்டு. இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் அந்த மனிதர்களின் திறமை புரியும்.

ஒன்று குழாயும் கூடையும். இங்கிலாந்தில் ஆலன் கோபாம் தொடங்கிய நிறுவனம் 1949-இல் இதை உருவாக்கியது. டேங்கர் ஒரு நீண்ட குழாயைப் பின்னால் விடும். அதன் நுனியில் இறகுப்பந்து போன்ற வடிவில் ஒரு கூடை. கூடை காற்றைப் பிடித்துக் குழாயை நேராக நிறுத்தும். வாங்க வரும் விமானத்தின் மூக்கருகே ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். விமானி அந்தக் கம்பியைக் கூடைக்குள் கொண்டுபோய்ச் செருக வேண்டும். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை. பக்கத்தில் நெருங்கும்போது தன் விமானம் தள்ளும் காற்றே கூடையை விலக்கிவிடும். கூடையைப் பார்த்துக்கொண்டு துரத்தினால் கிடைக்காது. டேங்கரைப் பார்த்து அதோடு ஒன்றாக நின்றால்தான் கிடைக்கும். இந்திய விமானப்படை கையாளுவது இந்த முறையைத்தான்.

இன்னொன்று பூம் என்னும் விறைப்பான குழாய். அமெரிக்கர்கள் தங்கள் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்காக இதைக் கொண்டுவந்தார்கள். டேங்கரின் வாலடியிலிருந்து இறங்கும் இந்தக் குழாய்க்குச் சிறிய இறக்கைகள் உண்டு. அவற்றை அசைத்து, வாங்க வரும் விமானத்தின் முதுகில் உள்ள துளைக்குள் குழாயைச் செலுத்துபவர் டேங்கரில் இருக்கும் பூம் இயக்குநர். பழைய கே.சி-135 விமானத்தில் இவர் வாலருகே குப்புறப் படுத்து, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, கண்ணாடி வழியே கீழே பார்த்தபடி வேலை செய்வார். கீழே வரும் விமானியின் முகம் அவருக்குத் தெரியும். பூம் வழியே நிமிடத்துக்கு 2,700 கிலோ வரை எரிபொருள் பாய முடியும். கூடை முறையில் இந்த வேகம் வராது.

இரண்டு முறையிலும் ஓர் ஒழுங்கு மாறுவதில்லை. கொடுப்பது மேலே நிற்கும். வாங்குவது கீழே, பின்னால் வரும். கொடுக்கும் கை மேல், வாங்கும் கை கீழ் என்று நம் பெரியவர்கள் சொன்னது வானத்திலும் அப்படியே நடக்கிறது. இன்னும் ஒன்று. கொடுப்பவர் குறித்த உயரத்தில், குறித்த வேகத்தில், அசையாமல் நேராகப் போக வேண்டும். வாங்குபவர்தான் நெருங்கி வர வேண்டும். வழிப்போக்கரைத் தேடித் தண்ணீர்ப்பந்தல் நகர்வதில்லை. வெயில் கொளுத்தும் இடத்தில் அது நிலையாக நிற்கும். டேங்கரும் குறித்த இடத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். அதனால்தான் இந்தப் பேச்சுக்கு அந்தப் பெயரை வைத்தேன்.

இது ஆபத்தில்லாத தொண்டு அன்று. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமாரெஸ் என்ற கடற்கரை ஊருக்கு மேலே, 31,000 அடி உயரத்தில், ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் எரிபொருள் வாங்க நெருங்கி கே.சி-135 மீது மோதியது. டேங்கரில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். பி-52-இல் இருந்த ஏழு பேரில் மூவர் இறந்தார்கள். அந்த பி-52 நான்கு ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமந்திருந்தது. மூன்று தரையில் விழுந்தன. ஒன்று கடலுக்குள் போய், இரண்டரை மாதத்துக்கு மேல் தேடியபின் கிடைத்தது. தக்காளி விளையும் அந்த ஊரின் மண்ணைக் கதிரியக்கத்துக்காகச் சுரண்டி எடுத்துக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. சில அடி தூரம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் சாட்சி.

இனி, ஒரே ஓர் இரவை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். டேங்கர் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரவுதான்.

1982 ஏப்ரல் 30. தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா ஏற்கெனவே பிடித்துவிட்டது. அந்தத் தீவுகளை எட்ட பிரிட்டனுக்குக் கிடைத்த மிக அருகான ஓடுபாதை அசென்ஷன் தீவில். அங்கிருந்து ஃபாக்லாந்து சுமார் 6,300 கிலோமீட்டர். அதாவது சென்னையிலிருந்து டோக்கியோ போகும் தூரத்தை நெருங்கிய தொலைவு. இடையில் கடலைத் தவிர எதுவும் இல்லை. அந்த ஆண்டு ஓய்வு பெறவிருந்த வல்கன் குண்டுவீச்சு விமானங்களை எடுத்தார்கள். அவற்றில் எரிபொருள் வாங்கும் கருவி பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்தது. அதை மறுபடி உயிர்ப்பித்தார்கள். நோக்கம், ஒரே ஒரு வல்கன் போய் போர்ட் ஸ்டான்லி ஓடுபாதையில் குண்டு போட்டுத் திரும்ப வேண்டும்.

அந்த ஒன்றுக்காக எழுந்தவை எத்தனை தெரியுமா? விக்டர் டேங்கர்கள் பதினொன்று. மாற்று ஏற்பாடாக இன்னொரு வல்கன். நிமிடத்துக்கு ஒன்றாக அந்தச் சின்னத் தீவிலிருந்து இருட்டில் எழுந்தன. டேங்கர் வல்கனுக்குக் கொடுக்கும். டேங்கர் டேங்கருக்கும் கொடுக்கும். கொடுத்துத் தீர்ந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பும். நிறைந்தவை மேலே போகும். ஏணிப்படி போல ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்று, கடைசிப் படியிலிருந்து ஒரு விமானம் மட்டும் எட்டிப் பிடிக்கும் திட்டம்.

எழுந்த சிறிது நேரத்திலேயே முதன்மை வல்கனில் ஜன்னல் அடைப்பு சரியாக மூடாமல் உள்ளே காற்றழுத்தம் நிற்கவில்லை. அது திரும்பியது. மாற்றாக வந்த வல்கனின் விமானி மார்ட்டின் விதர்ஸ். வேலை அவர் தலையில் விழுந்தது. ஒரு விக்டரின் குழாய்ச் சக்கரம் பழுதானது. மாற்று விக்டர் இடம் பிடித்தது. எல்லா விமானமும் கணக்கிட்டதைவிட அதிகமாக எரிபொருள் குடித்தன. கடைசிக் கட்டத்தில் மூன்றே விமானங்கள் மிஞ்சின. வல்கன் ஒன்று, விக்டர் இரண்டு.

அப்போது புயல். பாப் டக்ஸ்ஃபோர்டு என்பவர் ஓட்டிய விக்டரிடமிருந்து, ஸ்டீவ் பிக்லாண்ட்ஸ் ஓட்டிய விக்டர் எரிபொருள் வாங்கிக்கொண்டு வல்கனோடு மேலே போக வேண்டும் என்பது ஏற்பாடு. கூடை வெறிபிடித்தது போல ஆடியது. பிக்லாண்ட்ஸின் விமானத்தில் வாங்கும் கம்பி முறிந்துவிட்டது. இனி அந்த விமானம் யாரிடமும் வாங்க முடியாது. நட்ட நடுக் கடல், மின்னல், இருட்டு. அங்கேயே இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். டக்ஸ்ஃபோர்டு கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வல்கனோடு தொடர்ந்தார். பிக்லாண்ட்ஸ் வீடு திரும்பினார்.

இப்போது டக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு கணக்கு. வல்கனுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டால், தன் விமானம் அசென்ஷன் போய்ச் சேராது. பல நூறு கிலோமீட்டர் முன்னதாகவே கடலில் இறங்க வேண்டியிருக்கும். கொடுக்காமல் விட்டால், அத்தனை விமானங்களின் உழைப்பும் வீண். தன்னோடு இருந்த குழுவினரைக் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றார்கள். கொடுத்தார். உதவிக்கு டேங்கர் அனுப்புங்கள் என்று ரேடியோவில் உடனே கேட்கவும் முடியாது. பேசினால் எதிரிக்குக் கேட்கும், வல்கன் அகப்படும். வாயை மூடிக்கொண்டு, தீர்ந்துகொண்டிருக்கும் எரிபொருளோடு வடக்கே பறந்துகொண்டிருந்தார்கள் அந்த ஐந்து பேர்.

மே 1 விடியலுக்கு முன் வல்கன் 21 குண்டுகளைப் போட்டது. ஒரு குண்டு ஓடுபாதையின் நடுவில் விழுந்தது. ‘சூப்பர்ஃபியூஸ்’ என்ற ஒற்றைச் சொல் ரேடியோவில் வந்தது. வேலை முடிந்தது என்று பொருள். அதைக் கேட்டபின்தான் டக்ஸ்ஃபோர்டு உதவி கேட்டார். அசென்ஷனிலிருந்து இன்னொரு விக்டர் எழுந்து வந்து எதிர்கொண்டது. வல்கனுக்கும் திரும்பும் வழியில் பிரேசில் கரைக்கு அப்பால் ஒரு விக்டர் காத்திருந்து கொடுத்தது. போகும்போது ஏழு முறை, வரும்போது ஒரு முறை வாங்கி, சுமார் 16 மணி நேரம் பறந்து வல்கன் தரை இறங்கியது. விதர்ஸுக்கும் டக்ஸ்ஃபோர்டுக்கும் பதக்கங்கள் கிடைத்தன. இரண்டும் தகுதியானவைதான். இந்தக் கதையை எப்போது நினைத்தாலும் எனக்கு முன்னால் நிற்பவர் தன் தொட்டியைக் காலி செய்தவர்.

அதே போரில் மறுபக்கத்தையும் பாருங்கள். அர்ஜென்டினாவிடம் இருந்த டேங்கர்கள் இரண்டே இரண்டு. சி-130 சரக்கு விமானத்திலிருந்து செய்த கே.சி-130. அவர்களுடைய மிராஜ், டாகர் போர் விமானங்களில் எரிபொருள் வாங்கும் கருவி கிடையாது. தாய்நாட்டிலிருந்து தீவுக்கு வந்து சேர்ந்தால் சில நிமிடங்கள்தான் நிற்க முடியும், சண்டையிட நேரமில்லை. ஆனால் அவர்களுடைய சூப்பர் எடெண்டார்ட் விமானங்கள் வழியில் வாங்கிக்கொண்டு வந்தன. மே 4 அன்று பிரிட்டனின் ஷெஃபீல்டு போர்க்கப்பல் அவற்றின் எக்ஸோசே ஏவுகணையால் தீப்பிடித்து, பின்னர் மூழ்கியது. அடிபட்டு எரிபொருள் ஒழுகும் போர் விமானத்தைக் குழாயில் இணைத்துக்கொண்டே கரை சேர்த்த டேங்கர் விமானிகளும் அங்கே இருந்தார்கள். ஓடுபாதையில் குண்டு விழுந்த பிறகும் அர்ஜென்டினாவின் சி-130 சரக்கு விமானங்கள் போர் முடியும் வரை இரவில் வந்து இறங்கிக்கொண்டேதான் இருந்தன. ஒரே போர், இரு தரப்பு, ஒரே பாடம்.

டேங்கரிலிருந்து சரக்கு விமானத்துக்கு வருவோம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை 1973 காட்டியது. அந்த அக்டோபரில் இஸ்ரேல் போரில் ஆயுதம் குறைந்தபோது அமெரிக்கா ஒரு மாதம் வான்வழியே அனுப்பியது. சி-5, சி-141 விமானங்கள் 567 நடை, 20,000 டன்னுக்கும் மேல். ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் தங்கள் தளத்தில் இறங்க விடவில்லை. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவின் லாஜெஸ் தளம் மட்டும் கிடைத்தது. சி-141-க்கு வானத்தில் வாங்கத் தெரியாது. அந்த ஒரு தளமும் மறுக்கப்பட்டிருந்தால், வண்டி முழுக்க வைக்கோல் ஏற்றிய கதைதான். போருக்குப் பின் அமெரிக்கர்கள் 270 சி-141 விமானங்களை வெட்டி நீளமாக்கினார்கள். முதுகில் எரிபொருள் வாங்கும் துளையும் வைத்தார்கள். பிறர் அனுமதியில்லாமல் நாம் போய்ச் சேர வேண்டும் என்ற பாடம் அது.

சரக்கு விமானத்தின் அழகு அதன் உருவத்திலேயே இருக்கிறது. இறக்கை உடலின் மேலே இருக்கும். அதனால் உடல் தரையோடு ஒட்டி நிற்கும். லாரி நேராக ஏறலாம். எஞ்சின்களும் உயரத்தில் இருப்பதால் மண் ஓடுபாதையின் கல்லும் தூசியும் அவ்வளவாக உள்ளே போகாது. வால் உயர்ந்து நிற்கும். அதனடியில் பெரிய கதவு சாய்தளமாக இறங்கும். சி-17 விமானம் 77 டன் தூக்கும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான ஓடுபாதையிலும் இறங்கும். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலிலிருந்து எழுந்த ஒரு சி-17-இல் 823 பேர் தரையில் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். பாதிப்பேருக்கு மேல் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் குழு யாரையும் இறக்கிவிடவில்லை.

நம் நாட்டுக் கதையும் இதில்தான் தொடங்குகிறது. 1947 அக்டோபர் 27 காலை டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் சீக்கியப் படையினரை இறக்கியிருக்காவிட்டால் காஷ்மீரின் வரலாறு வேறு. 1948 மே மாதம் மெஹர் சிங் என்ற தளபதி டகோட்டாவை, அதுவரை விமானமே இறங்காத லேயில் இறக்கினார். 1962-இல் ஏ.என்-12 விமானங்கள் ஏ.எம்.எக்ஸ் டாங்கிகளைச் சுஷூலுக்குத் தூக்கிச் சென்றன. 2013 ஆகஸ்ட் 20 அன்று 16,614 அடி உயரத்தில் உள்ள தௌலத் பேக் ஓல்டியில் சி-130ஜே இறங்கியது. அங்கே காற்று மெலிது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறைவு. இறங்குவதைவிட எழுவதுதான் பெரிய காரியம்.

தமிழர் வாழ்க்கையிலும் இந்த விமானங்களின் நிழல் விழுந்திருக்கிறது. 1987 ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு உணவுப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து ஏ.என்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்டில் இறக்கின. மிராஜ்-2000 போர் விமானங்கள் காவலுக்குப் போயின. அந்தச் செயலின் அரசியல் சரியா தவறா என்று இன்றும் பேசுகிறோம். அன்று அங்கே இறங்கியது அரிசியும் பருப்பும் என்பதில் பேச்சில்லை. அடுத்த ஆண்டு, 1988 நவம்பர் 3 இரவு, மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க வந்த கூலிப்படையை முறியடிக்க, ஆக்ராவிலிருந்து இல்யூஷின்-76 விமானங்கள் பாராசூட் படையினரை நேராக ஹுலுலே தீவில் கொண்டுபோய் இறக்கின. 2,000 கிலோமீட்டருக்கும் மேல், இரவில், நிற்காமல். அந்தக் கூலிப்படையில் இருந்தவர்கள் இலங்கைத் தமிழ் இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதும் நம் வரலாற்றில் பதிந்த உண்மை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக என் மனம் ஒப்பவில்லை. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு ஓர் ஏ.என்-32 எழுந்தது. 29 பேர். அந்தமானில் வேலை பார்க்கப் போனவர்கள், விடுமுறை முடிந்து திரும்பியவர்கள், வழக்கமாக நடக்கும் பயணம். வங்கக் கடலின் மேலே ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின, கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. போரில்லாத ஒரு வெள்ளிக்கிழமையில், சரக்கு விமானம் செய்யும் சாதாரண வேலையில் போன உயிர்கள் அவை. போர் விமானி விழுந்தால் நாடு பெயரை நினைவில் வைக்கிறது. இவர்களையும் அதே வரிசையில் வைக்க வேண்டும்.

சரக்கு விமானத்தில் நாம் நல்ல வழியில் போய்க்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவுக்கு வெளியே சி-17 அதிகம் வைத்திருப்பது நாம்தான், பதினொன்று. வயதான ஆவ்ரோ விமானங்களுக்கு மாற்றாக 56 சி-295 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டோம். அவற்றில் 40 வதோதராவிலேயே டாடா நிறுவனத்தால் கட்டப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு முழு ராணுவ விமானத்தைத் தனியார் நிறுவனம் இங்கே கட்டுவது இதுவே முதல் முறை.

டேங்கரில்தான் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். 2003 முதல் ஆறு இல்யூஷின்-78 டேங்கர்கள் ஆக்ராவுக்கு வந்தன. உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் கட்டிய உடல். இஸ்ரேலியக் குழாய்க் கருவி. அவற்றைப் பற்றி 2017-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, 2010 முதல் 2016 வரை அவை பறக்கத் தயாராக இருந்தது சராசரியாக 49 சதவீதம் என்கிறது. இருக்க வேண்டியது 70 சதவீதம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரு நாளில் பறக்கக்கூடிய டேங்கர் மூன்று என்று இதற்குப் பொருள். புதிதாக ஆறு வாங்க இருமுறை டெண்டர் விட்டோம். இருமுறையும் ஏர்பஸ் ஏ330 முன்னால் வந்தது. இருமுறையும் விலை அதிகம் என்று கைவிட்டோம்.

விலை அதிகம்தான், மறுக்கவில்லை. டேங்கர் கட்டுவது வல்லரசுக்கே கடினம். பயணி விமானமான போயிங் 767-ஐ அடிப்படையாகக் கொண்ட கே.சி-46 டேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் ஒப்பந்தம், முதல் விமானம் விமானப்படைக்குக் கிடைத்தது 2019-இல். கண்ணாடி வழியே பார்ப்பதற்குப் பதிலாகக் கேமரா வைத்தார்கள். சில கோணங்களில் வெயில் அடிக்கும்போது படம் தெளிவாக இல்லை; குழாய் மற்ற விமானத்தின் மேலே உரசும் ஆபத்து வந்தது. அதைச் சரிசெய்யும் வேலை இன்னும் நீள்கிறது. போயிங் நிறுவனத்துக்கு இந்த ஒரு திட்டத்தில் 700 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அதற்கிடையில், 1956-இல் முதலில் பறந்து, 1965-இல் கடைசியாகக் கட்டிமுடித்த கே.சி-135 விமானங்கள் முந்நூறுக்கும் மேல் இன்றும் அமெரிக்க விமானப்படைக்கு முதுகெலும்பாக இருக்கின்றன. 2025 ஜூனில் ஏழு பி-2 விமானங்கள் மிசூரியிலிருந்து எழுந்து ஈரானில் குண்டு போட்டுத் திரும்பின. சுமார் 37 மணி நேரம். செய்தித்தாள்கள் குண்டைப் பற்றி எழுதின. அந்த 37 மணி நேரத்தைச் சாத்தியமாக்கியவை வழியெங்கும் காத்திருந்த டேங்கர்கள்.

விலைக்கு வழி இல்லாமல் இல்லை. ஏர்பஸ் ஏ330 டேங்கர் தன் இறக்கைகளுக்குள்ளேயே 111 டன் எரிபொருள் கொள்ளும். ஆகவே உள்ளே பயணிகள் இருக்கையும் கீழே சரக்கு அறையும் காலியாக இருக்கும். காலையில் போர் விமானத்துக்கு எரிபொருள், மாலையில் படையினர், வெள்ளம் வந்தால் நிவாரணம், வெளிநாட்டில் நம் மக்கள் சிக்கினால் மீட்பு. ஐரோப்பிய நாடுகள் சில தனித்தனியே வாங்காமல் ஒன்றுசேர்ந்து இதே விமானத்தைப் பொதுவில் வாங்கி, நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தளத்தில் நிறுத்திப் பறக்கும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஊர் சேர்ந்து கிணறு வெட்டுவது போன்ற ஏற்பாடு. ஓடிய பயணி விமானங்களை வாங்கி டேங்கராக மாற்றும் தொழிலும் உலகில் நடக்கிறது. தேடுபவருக்கு வழி உண்டு. தேட வேண்டும் என்ற எண்ணம்தான் தள்ளிக்கொண்டே போகிறது. அணிவகுப்பில் கைதட்டல் வாங்காத விமானத்துக்குப் பட்ஜெட்டிலும் கடைசி இடம் என்று ஆகிவிட்டது.

2020 ஜூலையில் முதல் ஐந்து ரஃபேல்கள் பிரான்சின் மெரிஞாக்கிலிருந்து அம்பாலாவுக்கு 7,000 கிலோமீட்டர் வந்ததைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். வழியில் அவற்றுக்கு எரிபொருள் கொடுத்தது பிரெஞ்சு விமானப்படையின் ஏ330. நண்பர்கள் போட்ட பந்தலில் தண்ணீர் குடித்து வந்து சேர்ந்தோம். நட்பு இருந்த நாளில் அது சரி. போர் வரும் நாளில் பந்தல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம், முக்கியமாக இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம், ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிய போர் விமானம் வாங்குகிறோம் என்ற செய்தி அடுத்த முறை வரும்போது, அதன் வேகத்தையும் விலையையும் படித்துவிட்டு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வானத்தில் இதற்கு எரிபொருள் கொடுக்கப் போவது யார்? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பத்திரிகைக்கு எழுதிக் கேளுங்கள். விமானவியல் படிப்பவர்கள் போர் விமானத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் குழாயையும் கூடையையும் பம்பையும் படியுங்கள்; அவற்றை இங்கேயே செய்ய முடியும் என்று காட்டுங்கள்.

நாம் முதல் டேங்கரை வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அன்று வாங்கியவை ஆறு. இன்றும் நமக்குச் சொந்தமாக இருப்பவை அந்த ஆறுதான்.